வெட்டுக்கிளி வளர்த்த உரக்கடை

பூச்சிமருந்து டப்பாவின் மூடிமேல் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. மண்டையோடும் சிவப்பு முக்கோணமும் அச்சடித்த டப்பா. அதன்மேல், சொந்த வீட்டு மொட்டைமாடியில் வெயில் காய்கிறவரைப் போலப் பின்னங்கால்களை மடக்கிவைத்துக்கொண்டு, முன்னங்காலால் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது அது. இளம்பச்சை உடம்பு, கண்ணில் தொடங்கி இறக்கை நெடுக ஓடும் பழுப்புக் கோடு. எங்கிருந்து வந்திருக்கிறது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடையின் பின்கதவு திறந்திருந்தது. அதற்கு அந்தப்பக்கம் என் தோட்டம். உரம் வாங்க வந்து நின்றிருந்த கீழவயல் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை உருவி ஓங்கினார். மதினி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்காமலே, "அண்ணாச்சி, அது யாவாரத்துக்கு வரல, சும்மா வந்திருக்கு. விட்டிருங்க" என்றாள். பிறகு பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து அதன் முன்னால் நீட்டி, அது ஏறி உட்காரும்வரை பொறுத்திருந்து, பின்கதவு வழியாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அண்ணாச்சி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "கறிக்கடைக்காரன் கெடாக்குட்டிக்கு அகத்திக்கீர ஊட்டுன கதையால்லா இருக்கு" என்றார். "கறிக்கடைக்காரர் வீட்டுலயும் ஆடு வளப்பாக அண்ணாச்சி" என்றாள் மதினி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவரோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது டீக்கடைக்குப் போய், அங்கே வேறு உருவம் எடுத்தது.

மதினி என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கால்வாய்த் தண்ணீர் வருஷத்தில் பாதிநாள் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடும் எங்கள் ஊருக்கு அவள் வந்து இறங்கியபோது, "பாவம், தண்ணியக் கண்டறியாத ஊருல இருந்து வந்திருக்கா" என்று பெண்கள் பரிதாபப்பட்டார்களாம். அவள் பெட்டியில் வேதியியல் பட்டம் ஒன்று இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சிமருந்து விற்க வேண்டுமென்றால் கடைக்காரர் அதற்கான படிப்புப் படித்திருக்க வேண்டும் என்று விதி வந்ததும் வீட்டில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் படித்தது வரலாறு. அடுத்து எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். அப்பா காலத்திலிருந்து நடக்கும் உரக்கடையின் உரிமம் மதினி பேருக்கு மாறியது இப்படித்தான். பேர் மட்டும் சுவரில் தொங்கினால் போதும், ஆள் அடுக்களையில் இருக்கலாம் என்றுதான் அண்ணன் நினைத்தான். "என் பேருல விக்கிற மருந்து, என் கையாலதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவனுக்கு முன்னால் போய் கடை ஷட்டரைத் தூக்கியவள் அவள். அண்ணன் மூட்டை இறக்கவும் கொள்முதலுக்கு அலையவும் என்று ஆகிப்போனான். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். முன்னைக்கு இப்போது நன்றாகத் தூங்கினான்.

அவள் கடையில் உட்கார்ந்த பிறகு ஒரு பழக்கம் வந்தது. யாராவது வந்து, "பயிர்ல பூச்சி விழுந்திருக்கு, மருந்து குடும்மா" என்றால், உடனே அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டாள். "இலையக் கொண்டாங்க, பாப்போம்" என்பாள். ஆரம்பத்தில் எரிச்சல்பட்டார்கள். வைத்தியரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வயலைத் தூக்கிக்கொண்டா வர முடியும் என்று கேட்டார்கள். "வயலு வேண்டாம், ஒரு இலை போதும்" என்று அனுப்பிவிடுவாள். போகப்போக, வேட்டி மடிப்பிலும் பனியன் பைக்குள்ளும் பிளாஸ்டிக் கவரிலும் இலைகள் வர ஆரம்பித்தன. அவள் அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, திருப்பி, நகத்தால் வருடிப் பார்ப்பாள். நீளவாக்கில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டியிருந்தால் ஒரு புழு. நுனியைக் கத்தரியால் நறுக்கியதுபோல் இருந்தால் வேறொரு புழு. ஓரத்திலிருந்து ஒழுங்கில்லாமல் கடித்துக்கொண்டே உள்ளே போயிருந்தால் வெட்டுக்கிளி. பார்த்து முடித்து, பாதி நேரம், "இதுக்கு மருந்து வேண்டாம், ஒரு வாரம் விடுங்க" என்பாள். இப்படிக் கடை நடத்தினால் விளங்குமா என்று அண்ணன் என்னிடம் வந்து புலம்புவான். சிலர் பஸ் ஏறிப் போய் வேறு கடையில் கேட்டதை வாங்கிக்கொண்டும் வந்தார்கள். மதினி அதற்கெல்லாம் அசரவில்லை. "மருந்து பூச்சிக்கு இருக்கு. பயத்துக்கு என்கிட்ட ஸ்டாக் இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன், அவள் உண்மையிலேயே கணக்குப் பார்த்துச் சொன்னவள் போல பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்வரை நான் வீட்டில் இருந்த காலம் அது. சும்மா இருப்பது எனக்கு வராது. காலையில் ஒரு யோசனை, மத்தியானம் அதற்கு நேர் எதிரான யோசனை, சாயங்காலம் இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்று ஒரு பாய்ச்சல். கூடப் படித்தவர்கள் எல்லாம் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வண்ணத்துப்பூச்சியைப் பாராட்ட ஊரே இருக்கிறது. எனக்கு வெட்டுக்கிளிதான் வேண்டும் என்று தோன்றியது. கரிச்சான் குஞ்சுக்கு ஊட்டுவது அதைத்தான்; பனங்காடை கரண்டுக் கம்பியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்; ஓணான், தவளை, கீரி வரைக்கும் அதைத் தின்னாத ஆள் இல்லை. புல்லைச் சதையாக மாற்றி ஊருக்கெல்லாம் பரிமாறுகிற ஒரு ஜீவன், பரிமாறுகிற அந்த வேலையில் தானும் போய்ச் சேர்கிறது. இதைக் காட்டுப்பூச் செடிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று மதினியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் யூரியா மூட்டை தைத்த நூலைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப நான் சாகடிக்கதுக்கு மருந்து விக்கேன், நீ பொழைக்கதுக்குத் தோட்டம் போடுத" என்றாள். ஆமாம் என்றேன். "சரி. கடைக்குப் பொறத்தால கெடக்க எடத்த எடுத்துக்க. ஆனா ஒண்ணு. என் மருந்து ஒரு சொட்டு உன் பக்கம் வராது. உன் ஆளுக என் யாவாரத்துக்குள்ள வரப்பிடாது." நான் சத்தியம் செய்தேன். பறக்கிற பிராணிகள் சார்பாகச் சத்தியம் செய்யக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சித்திரை வெயிலில் ஆரம்பித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு வீட்டுமனை அளவு நிலம்; கிழிந்த சாக்குகளும் துருப்பிடித்த தெளிப்பான்களும் கிடந்த இடம். அதைத் தாண்டினால் ஒரு வாய்க்கால் வரப்பு, அதைத் தாண்டினால் கீழவயல் அண்ணாச்சியின் வயல். எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, கொத்தி, கட்டி உடைத்து, துத்தி, கொழுஞ்சி, ஆவாரை, தும்பை என்று கிடைத்த விதையை எல்லாம் நெருக்கமாகத் தூவினேன். காலையும் மாலையும் தண்ணீர். செடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழுந்தன, பூத்தும் விட்டன. எறும்பு வந்தது, தேனீ வந்தது, அம்மாவின் கண்ணுக்கு மட்டும் பாம்பும் வந்தது. வெட்டுக்கிளி ஒன்றுகூட வரவில்லை. பொறுமை இழந்து பத்தமடை வரைக்கும் போய், பாய்க்கோரை வளரும் ஓடைக்கரையில் சேலைத்தலைப்பால் வீசிப் பிடித்து, டிபன் பாக்ஸில் துளைபோட்டு அடைத்துக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் உள்ளே படபடவென்று சத்தம் கேட்டு, சாப்பாட்டில் என்னம்மா வைத்திருக்கிறாய் என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்தில் திறந்து விட்டேன். மறுநாள் ஒன்றும் இல்லை. மதினி பின்கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "ஏட்டி, விருந்தாளியக் கூட்டியாந்தது சரி. அவுகளுக்கு உக்கார எடமும் போடல, திங்கச் சோறும் வைக்கல. பூவ மட்டும் காமிச்சா இருப்பாகளா?"

அன்றிரவே படிக்க வேண்டியதைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம், ஆனால் எனக்கு மண்வெட்டி முந்திக்கொள்ளும். வெட்டுக்கிளிக்கு முதலில் புல் வேண்டும், பூ அப்புறம். தினம் நனைகிற மண் ஆகாது. வெயில்பட்டுக் காய்ந்த வெற்றுமண் கொஞ்சம் இருக்க வேண்டும், அதில்தான் பெண் தன் வாலை ஊன்றி முட்டையிடும். உயரமான புல்லும் குட்டையான புல்லும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஒரேயடியாக அறுக்கவே கூடாது. இதையெல்லாம் நான் வாசிக்க வாசிக்க, மதினி, "எங்க ஊர்ல தரிசுன்னு சொல்லுவோம். அதுக்கு இவ்வளவு படிக்கணுமா" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தானே வந்து பாதிச் செடிகளைப் பிடுங்கி எனக்கு வெற்றுமண் உண்டாக்கித் தந்தாள். தண்ணீரை நிறுத்தினோம். அருகு தானாக ஓடியது. கோரை முளைத்தது. சேலை ஓரத்தில் ஊசி ஊசியாகக் குத்திக்கொள்ளும் ஒட்டுப்புல் எங்கிருந்தோ வந்து குடியேறியது. வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிகிற தாத்தாப்பூச் செடி காலடியெல்லாம் படர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தோட்டமாகத் தெரிவது நின்றுபோனது. எனக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. ஆவணியில் ஒரு முற்பகல், நான் காலெடுத்து வைத்ததும் புல்லிலிருந்து ஒன்று துள்ளியது. அடுத்த அடிக்கு இரண்டு. அப்புறம் அடிக்கு அடி, சோளம் பொரிகிற மாதிரி. கூவினேன். மதினி கையில் மருந்துப் பாட்டிலோடு ஓடிவந்து, வாசலில் நின்று, பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகப் பெரிய ஒன்று இருந்தது. "இது யாரு, தேருக்குப் புறப்பட்ட கணக்கா நிக்காரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

புரட்டாசியில்தான் பேச்சு கிளம்பியது. பிசானம் என்கிற நெல் பருவத்துக்கு எல்லோரும் நாற்றுப் பாவியிருந்தார்கள், எங்கள் வயலிலும்தான். உரக்கடைக்காரி கடைக்குப் பின்னால் வெட்டுக்கிளி வளர்க்கிறாள் என்பது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை. டீக்கடையில் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அண்ணன் காதாலேயே கேட்டுவிட்டு வந்து முகம் வெளுத்துச் சொன்னான்: "பூச்சிய அவளே வளத்து வயல்ல விடுதா வே, பொறவு மருந்த அவளே விப்பா. படிச்சவல்லா." சொன்னது யார் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் கீழவயல் அண்ணாச்சி எங்கள் கடையைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பிசான நேரத்தில் ஆள் நெருக்குகிற கடையில் ஈ ஓட்டினோம். வேட்டி மடிப்பில் இலை கொண்டுவருகிறவர்கள் நின்றுபோனார்கள். அதுதான் மதினியைச் சுட்டது. வியாபாரம் குறைந்ததைப் பற்றி அவள் பேசவில்லை. "இத்தன வருசமா இலையப் பாத்து வேண்டாம்னு சொல்லி அனுப்பினவ நான். அந்த ஆளுகளே இப்பிடி நெனச்சுட்டாகளே" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு போனால் அந்தக் கடையில் அவளுக்கென்று எதுவும் மிஞ்சாது. பாட்டில் எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும்.

அண்ணன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்தான். நான் தடுக்கவில்லை, நானே அறுத்துவிடுகிறேன் என்றேன். மதினி பின்கதவில் குறுக்கே நின்றாள். "எதுக்கு அறுக்கணும்?" என்று கேட்டாள். ஊர் பேசுகிறதே என்றான் அண்ணன். "இப்ப அறுத்தா, ஆமா வளத்து விட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்ட கணக்காத்தான். அது இருக்கட்டும். இலையப் பாக்காம நான் ஒருத்தருக்கும் மருந்து குடுத்தது இல்ல. இப்ப ஒரு இலையக்கூடப் பாக்காம இவ்வளத்தையும் அழிக்கச் சொல்லுதீகளே? மொதல்ல இலை வரட்டும்." அண்ணன் அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். என் தோட்டத்துக்காக அவள் பேசியதாக நான் நினைத்துக்கொண்டேன். அவள் பேசியது தன் முறைக்காக என்று இப்போது புரிகிறது. யாருக்கும் வளையாத ஒரு முறையைத் தனக்கு நஷ்டம் வரும்போதும் அவள் வளைக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. புத்தகத்துக்கு வெளியே நான் பார்த்த முதல் ஆராய்ச்சியாளர் உரக்கடை மேஜைக்குப் பின்னால் இருந்தார் என்பது எனக்கு இன்றும் பெருமைதான்.

இலை வந்தது. கீழவயல் அண்ணாச்சியே கொண்டுவந்தார்; தனியாக வரவில்லை, டீக்கடைப் பெஞ்சே எழுந்து பின்னால் வந்தது. கைப்பிடி நாற்றை வேரோடு பிடுங்கி வந்து மேஜைமேல் போட்டார். "நீதான இலை இலைன்னு கேப்ப. இந்தா, பாத்துச் சொல்லு தாயி" என்றார். தாயி என்ற சொல்லை அப்படிக் கூர்மையாகவும் சொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மதினி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்கு அங்கிருந்தே தெரிந்தது: ஓரத்திலிருந்து ஒழுங்கில்லாமல் உள்ளே போயிருக்கிற கடி. வேறு புழுவாக இருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டு நிற்கிறேன். மதினி எல்லா நாற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "வெட்டுக்கிளிதான் அண்ணாச்சி" என்றாள். கூட்டத்தில் ஒருவர், "கேட்டுக்கிடும் வே" என்றார். அண்ணாச்சி, "உன் வெட்டுக்கிளியா, ஊரு வெட்டுக்கிளியா?" என்று கேட்டார். "பூச்சியில பேரு எழுதி இருக்காது. ஆனா உங்க வயலுக்கு ஆகக் கிட்ட இருக்கது எங்க தோட்டம். எங்கதாத்தான் இருக்கும். வாங்க, வயலப் பாத்துருவோம்" என்று செருப்பை மாட்டினாள்.

எல்லோரும் போனோம். வயலைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் வரப்பில் புல் நிற்பது பயிர் வைக்கிற சம்சாரிக்கு இழுக்கு. கல்யாண வீட்டுக்குப் போகும் முன் முகம் மழிக்கிற மாதிரி, நாற்றுப் பாவும் முன் வரப்பைச் செதுக்குவார்கள். அண்ணாச்சி அந்தமுறை ஒன்றுக்கு இரண்டு தடவை செதுக்கியிருந்தார். வெட்டுக்கிளிக்கு ஒதுங்க இடமே இருக்கக் கூடாது என்று புல்லின் வேர்வரை தீயும் வைத்திருந்தார். கறுத்து மொட்டையாகக் கிடந்தது வரப்பு. வரப்பில் மேய்ந்துகொண்டிருந்தவை வேறு போக்கில்லாமல் நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டன. கடி எல்லாம் அந்த வரப்பை ஒட்டிய ஓரத்தில்தான். உள்ளே நாற்று செழிப்பாக நின்றது. நான் வாயைத் திறந்தேன். "வரப்ப நீங்க..." என்றதற்குள் மதினி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வளையல் பதிகிற அழுத்தம். வாயை மூடிக்கொண்டேன். அவள் அண்ணாச்சியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "ஓரத்துல தின்னிருக்கு. உள்ள போகல. இதுக்கு மருந்து அடிக்க வேண்டாம். அடிச்சா கரிச்சானும் வராது, சிலந்தியும் சாகும், பொறவு புழு விழும். நடவு அன்னைக்கு உங்களுக்கு நாத்து பத்தலன்னா எங்க நாத்தங்கால்ல இருந்து எடுத்துக்கிடுங்க. தின்னது எங்க ஆளுக. குடுக்க வேண்டியது நாங்க." சண்டைக்கு வந்த அண்ணாச்சி கையில் சண்டை இல்லாமல் நின்றார். "பாப்போம்" என்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

திரும்பி வரும்போது நான் பொருமிக்கொண்டே நடந்தேன். தப்பு அவருடையது, வரப்பை எரித்ததால்தானே வந்தது, அதைச் சொல்லியிருந்தால் நம்மேல் பழியே இல்லையே என்றேன். மதினி வாய்க்காலைத் தாண்டி, எனக்குக் கை கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும்தான் தெரிஞ்சுது. நாலு பேரு முன்னால ஒரு சம்சாரிகிட்டப் போயி உன் வரப்பு சரியில்லன்னா, அவரு மொகத்த எங்கன கொண்டு வைப்பாரு? அப்புறம் சாகுறவரைக்கும் ஒரு இலை கொண்டாருவாரா? பைய, அவரே பாத்துக்கிடுவாரு." அவள் அவரிடம் பொய் சொல்லவில்லை. இருந்த உண்மைகளில் தன்மேல் விழுவதைச் சத்தமாகச் சொன்னாள். அவர்மேல் விழுவதை அவருக்கே விட்டுவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அது வராது. உண்மை தெரிந்துவிட்டால் கையில் நெருப்புப் பிடித்த மாதிரி உடனே எறிந்துவிட வேண்டும் எனக்கு.

அவர் மருந்து அடிப்பாரா மாட்டாரா என்பதுதான் அடுத்த நாட்களின் பாடு. அடித்தால் காற்று எங்கள் பக்கம்; தோட்டம் அவ்வளவுதான், மதினியின் சொல்லும் அவ்வளவுதான். நான் தினமும் காலையில் எழுந்ததும் மோந்து பார்த்துக்கொண்டே பின்கதவைத் திறப்பேன். மருந்து வாடை வரவில்லை. ஐப்பசி மழை இறங்கியது. கரிச்சான்கள் அவர் வயலில் நட்டிருந்த குச்சியில் வரிசையாக உட்கார்ந்தன. நடவு நாளும் வந்தது. நாற்றுப் பறித்துப் பார்த்ததில் அவருக்குக் கடைசி வயல் மூலையில் கொஞ்சம் பற்றாமல் போனது உண்மை. அவர் கேட்டு ஆள் அனுப்பவில்லை. எங்கள் வயலிலிருந்து அதைப் பார்த்த மதினி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கட்டிவைத்திருந்த எங்கள் நாற்று முடிகளை இடுப்பிலும் கையிலுமாக அணைத்து, சேறு சொட்டச் சொட்ட வரப்புமேல் நடந்து போய் அவர் வயலோரத்தில் இறக்கினாள். நடவுப் பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "உரக்கடைக்காரம்மா, வெட்டுக்கிளி சீர் செய்யுதாக்கும்?" என்று கேட்க, வயலே சிரித்தது. மதினியும் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நாற்றுமுடி ஒன்றை எடுத்து, உதறிப் பார்த்து, "நல்ல நாத்துதான்" என்றார்.

அந்த வாரம் அண்ணன் டீக்கடையிலிருந்து வேறொரு முகத்தோடு வந்தான். அங்கே யாரோ பழைய பேச்சை எடுத்திருக்கிறார்கள். கீழவயல் அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அவ வெட்டுக்கிளிதாம்லே தின்னுச்சு. அவளேல்லா சொன்னா. தனக்கே எதிராச் சாச்சி சொல்லுதவ, உனக்கு மருந்து விசயத்துல பொய் சொல்லுவாளா?" மதினியிடம் அண்ணன் இதை மூன்று விதமாக நடித்துக் காட்டினான். அவள் கேட்டுக்கொண்டே தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அடுத்த நாட்களில் வேட்டி மடிப்பில் இலைகள் வர ஆரம்பித்தன, எதுவுமே நடக்காத மாதிரி. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இலை கொண்டுவருவதுதான் அதற்கு ஏற்ற முறை போலிருக்கிறது. அடுத்த பருவத்தில் அண்ணாச்சியின் அந்த வரப்பில் புல் நின்றது. கேட்டவர்களிடம், செதுக்க ஆள் கிடைக்கவில்லை என்றார். மதினி, "இப்பல்லாம் ஆளுக்குக் கஷ்டம்தான் அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டாள்.

நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். வெட்டுக்கிளிகளைத்தான் ஆராய்கிறேன், பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள், ஊசி குத்தி, பேர்ச்சீட்டு கட்டி. அவற்றின் காலில் எத்தனை முள் என்று சொல்லத் தெரியும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெட்டுக்கிளி பிறந்து வருவதை, அதன் சொந்த இடத்தில், நான் இன்றுவரை பார்த்ததில்லை. நான் பார்க்கப் போகும் நாளில் அது பிறப்பதில்லை. போன ஆனியில், சாரல் விழுந்த மறுவாரம், காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போது மதினியிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிற மாதிரி. "ஏட்டி, நம்ம வெத்துமண்ணுல பொறக்குது. மண்ணு பைய அசஞ்சுது. எறும்புப் புத்தாக்கும்னு குனிஞ்சேன். புழு கணக்கா ஒண்ணு நெளிஞ்சு வெளிய வருது, மேல வந்ததும் சட்டையக் கழட்டுத கணக்கா ஒரு தோலக் கழட்டிப் போடுது, பாத்தா காலும் கொம்பும் முழுசா இருக்கு. அரிசி நிறம். இந்தா, இன்னொண்ணு. இன்னும் குதிக்கத் தெரியல, நடுங்கிட்டு நிக்கு." நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடையில் ஆள் இல்லையா மதினி என்று கேட்டேன். கார் நெல் பருவம், காலை நேரம்; கடையில் ஆள் நெருக்குகிற வேளை. "நிக்காக, நிக்காக. எல்லாரும் இங்கனதான் நிக்காக" என்றாள். அப்போதுதான் பின்னால் சத்தங்கள் காதில் விழுந்தன. யாரோ ஒருவர் இன்னொருவரை, மிதித்துவிடாதே, தள்ளி நில்லுலே என்று அதட்டினார். அப்புறம் கீழவயல் அண்ணாச்சியின் குரல், தரையோடு குந்தியிருப்பது தெரிகிற குரல்: "ஏ தாயி, இதெல்லாம் வளந்து எங்க வயலுக்குத்தான வரும்?"

மதினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவருக்குப் பதில் சொன்னாள்.

"வரும் அண்ணாச்சி. வந்தா சொல்லுங்க."